தனித்திருத்தலும் கூடியிருத்தலும்: கீழக்குயில்குடி மலையடியில் ஒரு விசாரம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

காலக்ஷேப கோஷ்டிகளில் அவ்வப்போது எழும் கேள்வி ஒன்றுண்டு. எம்பெருமான் அந்தர்யாமியாய் நெஞ்சுக்குள்ளேயே எழுந்தருளியிருக்க, ஓர் ஆத்மா தேறி நிற்பதற்கு ஊரும் உறவும் எதற்கு? தெளிந்தவனுக்குக் காடும் கடைவீதியும் ஒன்றே அன்றோ? கேட்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி நடைமுறையில் ஒரு கொடுமைக்கு இடங்கொடுத்துவிடுவதை நாம் காண்கிறோம். திருமாளிகையில் தனியளாய் விடப்பட்ட மூதாட்டியோ, கடல்கடந்த ஊரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் பனிக்காலத்தில் அறையை விட்டு வெளிவராத இளைஞனோ ‘மனசு சரியாக இல்லை’ என்று வாய்திறந்தால், ‘பாரத்தை அவன்மேல் போடும், பக்தி போதவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துபோகிறோம். சொன்னவருக்குக் கடமை முடிந்தது. கேட்டவருக்கோ, முன்பிருந்த துக்கத்தோடு ‘நாம் பக்தியும் இல்லாதவர்’ என்ற துக்கமும் கூடியது. இப்படிப் பதில் சொல்லும் வழக்கம் நம் பூர்வாசார்யர்கள் காட்டிய வழிதானா என்பதே இங்கே விசாரம்.

இதற்கு மதுரைச் சமவெளியில் ஒரு மலையை முன்னிட்டுக்கொள்வது உதவியாக இருக்கும். நகருக்கு மேற்கே, தேனி செல்லும் சாலையை ஒட்டிய நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில் கீழக்குயில்குடி என்ற கிராமம் இருக்கிறது. அதன் தலைமாட்டில் நிற்கும் பாறைக்குன்றைச் சமணர் மலை என்கிறார்கள். அடிவாரத்தில் ஊரார் வழிபடும் அய்யனார் கோயில், கருப்பசாமி, முன்னே தாமரைக்குளம், குளக்கரையில் விழுதிறங்கிய ஆலமரம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். வற்றாத சுனை ஒன்றின் அருகே எட்டுத் திருவுருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மலையின் மற்றொரு பக்கம் செட்டிப்புடவு என்னும் குகை. அங்கே அமர்ந்த கோலத்தில் பெரிய தீர்த்தங்கரர் உருவம். இவை 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது கல்வெட்டறிஞர் கருத்து. வேறொரு சமயத்தாரின் தவநிலம் நம் விசாரத்துக்குள் எப்படி வந்தது என்று அன்பர்கள் கேட்கலாம். அவர்கள் ஸித்தாந்தத்தை எடைபோடுவதற்காக நாம் அங்கே போகவில்லை. ‘தனிமையே தெளிவு தரும்’ என்ற எண்ணத்தை மனிதர்கள் முழு ஆயுளையும் வைத்துச் சோதித்துப் பார்த்த இடம் மதுரைக்கு இவ்வளவு அருகில் இருக்கும்போது, அதைப் பார்க்காமல் பேசுவது முறையாகாது என்பதற்காகவே போகிறோம்.

அங்கே நம் கண்ணில் முதலில் படவேண்டியது திருவுருவங்களின் அழகைவிட, அவற்றின் கீழ் வட்டெழுத்தில் வெட்டியிருக்கும் பெயர்கள். ஒரு திருவுருவத்தைச் செய்வித்தவர் குணமதியார் என்னும் பெண்மணி. அவர் யார் என்பதைக் கல்லே சொல்கிறது: அச்சணந்தி என்ற முனிவருடைய தாயார். வேறு சில உருவங்களின் கீழ், செய்வித்தவர் இன்னாருடைய மாணாக்கர் என்ற குறிப்பு. குணசேனதேவர் என்ற ஆசிரியரின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. தென்பகுதியிலிருந்த குறண்டி என்னும் ஊர்ப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் இவ்வளவு தூரம் வந்து பெயர் பதித்திருக்கிறார்கள். உலகைத் துறந்தவர்கள் மலையில் விட்டுப்போன எழுத்தெல்லாம் ‘இன்னாருக்கு இன்னார்’ என்ற உறவாகவே இருப்பது நம்மைச் சற்று நேரம் நிற்கவைக்கிறது. துறந்த மகனின் பெயரைச் சொல்லித் தன்னைக் குறித்துக்கொள்ளும் தாய் ஒருத்தி அங்கே இருக்கிறாள். அந்தக் குகைகளும் ஊர்களை விட்டு எட்டாத தொலைவில் இல்லை. மேலே நின்றால் வயலும் கண்மாயும் கிராமங்களும் தெரியும்; அன்றாட உணவு கீழிருந்துதான் வந்திருக்கவேண்டும். தனிமையைத் தேடியவர்களையும் ஓர் ஆசிரியனும் ஒரு மாணாக்கனும் ஒரு தாயும் ஓர் ஊரும் தாங்கி நின்றார்கள்.

இனி நம் ஸம்ப்ரதாயத்துக்கு வருவோம். கீழக்குயில்குடியிலிருந்து காலையில் நடக்கத் தொடங்கினால் உச்சிக்குமுன் கூடல் அழகர் ஸந்நிதியை அடைந்துவிடலாம். அந்த மதுரையில்தான், ஸ்ரீவல்லபதேவன் ஸபையில் பரத்வம் நிர்ணயித்துப் பொற்கிழி அறுத்த பெரியாழ்வார், யானைமேல் வலம்வரும்போது வானில் கருடாரூடனாய்க் காட்சி தந்த எம்பெருமானைக் கண்டு, ‘இவனுக்கு என்ன தீங்கு வருமோ’ என்ற பரிவாலே திருப்பல்லாண்டு அருளிச்செய்தார் என்பது ப்ரஸித்தம். பன்னிரண்டு பாசுரங்கள். அவற்றில் ஆழ்வார் செய்யும் முதற்காரியம் மங்களாசாஸனம். இரண்டாவது காரியம், ஆள் சேர்ப்பது. கைங்கர்யத்தை விரும்புவாரை அழைக்கிறார். ஐச்வர்யத்தை விரும்புவாரை அழைக்கிறார். நான்காம் பாசுரத்தில் கைவல்யார்த்திகளை அழைக்கிறார். இவர்கள் யார்? எம்பெருமானையும் அடியாரையும் விட்டுத் தன் ஆத்மாவைத் தானே அநுபவித்துக்கொண்டு தனியே இருக்க விரும்புவோர். கேவலம் என்ற சொல்லே தனிமை என்று பொருள்படும். இவர்கள் பாபம் செய்தவர்கள் அல்லர், துன்பப்படுகிறவர்களும் அல்லர், தமக்கு வேண்டியதைத் தெளிந்து தேர்ந்துகொண்டவர்கள். ஆழ்வாரோ, உடல் விழுந்து காலம் கடப்பதற்குமுன் எங்கள் குழுவில் வந்து புகுங்கோள் என்று இவர்களை விரைவுபடுத்துகிறார்.

ஏன் அழைக்கிறார் என்பதற்கு வ்யாக்யாதாக்கள் காட்டும் காரணத்தை நாம் கவனமாகக் கேட்கவேண்டும். அவர்கள் இழவைத் தாம் பொறுக்கமாட்டாமை ஒன்று. மற்றொன்று, தாம் ஒருவராய்ப் பல்லாண்டு பாடினால் தம் அச்சம் தீராமை. எம்பெருமானை நேரே கண்டவர், ஆழ்வார்களில் பெரியவர் என்று பெயர் பெற்றவர், அவருக்கே தனியாக நின்று பயத்தைக் கெடுத்துக்கொள்ள முடியவில்லை! இதை அவருடைய குறையாக ஒரு வ்யாக்யாதாவும் சொல்லவில்லை. ஸ்வரூபம் என்று கொண்டாடினார்கள். தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் வலிமையை ஆத்மாவுக்கு ஆபரணமாக நம் பெரியோர் எண்ணியதில்லை. பாரதந்த்ர்யமே ஆபரணம். அது எம்பெருமானிடத்தில் மட்டும் நின்றுவிடாமல் அடியார் அளவும் வந்து முடியவேண்டும் என்று திருவாய்மொழியின் மூன்றாம் பத்தில் ஏழாம் திருவாய்மொழியும் எட்டாம் பத்தில் பத்தாம் திருவாய்மொழியும் வற்புறுத்துகின்றன.

பெரியாழ்வார் திருமகளாரும் தமப்பனாரைப்போலவே செய்தார். திருப்பாவையில் ஆறாம் பாசுரம் முதல் பதினைந்து வரை பத்துப் பாசுரங்களும் பத்துப் பெண்களை எழுப்புவதற்கே சென்றன. முப்பதில் மூன்றிலொரு பங்கு! மார்கழிக் குளிரில் நோன்புக்கு நேரமாகிறது. உள்ளே கிடப்பவளை விட்டுவிட்டுப் போனால் என்ன? வாசலில் நிற்கிறவர்கள் அவளை இழித்தும் புகழ்ந்தும் வைதும் கெஞ்சியும் அழைப்பதைப் பாருங்கள். பெரிய ஆற்றில் இறங்குவோர் துணை தேடுமாப்போலே என்று பூர்வாசார்யர்கள் இதற்கு த்ருஷ்டாந்தம் சொன்னார்கள். உள்ளே இருப்பவள் குறைவற்றவள். பலவிடங்களில் அவளே எழுப்புகிறவர்களைவிட உயர்ந்தவள். குறை வாசலில் நிற்கிற கோஷ்டிக்கு. அவளில்லாமல் இவர்களுக்கு அநுபவம் நிரம்பாது.

நம் விசாரத்தின் உயிர்நிலை இதுவென்று நினைக்கிறோம். ஒருவர் தனிமையில் வாடினால், அதை அவருடைய நோயாகவும் அவருடைய பக்திக் குறைவாகவும் கணக்கெழுதுவது உலக வழக்கம். ஆண்டாள் கணக்கு வேறு. உள்ளே ஒருத்தி இருந்துவிட்டால் வெளியே இருக்கிற ஒன்பது பேருக்கும் அது நஷ்டம். எனவே அவள் வாசலுக்குப் போவது தர்மகாரியமோ ஆறுதல் சொல்லும் உபகாரமோ ஆகாது. தம் குறையைத் தீர்த்துக்கொள்ளும் வழி. ‘பாவம், தனியாக இருக்கிறாரே’ என்று போகிறவரையும், ‘நீர் இல்லாமல் சாற்றுமுறை நிரம்பவில்லை’ என்று போகிறவரையும், கதவைத் திறக்கிறவர் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொள்வார்.

‘கோஷ்டி இருந்தால் போதுமோ? இடத்துக்கு ஏற்றமில்லையோ?’ என்று கேட்கலாம். இடத்துக்கு ஏற்றம் உண்டு. உகந்தருளின நிலங்கள் என்று நாம் சொல்வதே அதனால்தான். மனத்தின் நிறம் சூழலில் ஏறுவதையும் சூழலின் நிறம் மனத்தில் ஏறுவதையும் ஆழ்வார் நன்கறிவார். இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழியில், பிரிவாற்றாத பராங்குசநாயகி நாரையையும் அன்றிலையும் கடலையும் காற்றையும் மேகத்தையும் பார்த்து, நீங்களும் என்னைப்போலே அவனை இழந்தீர்களோ என்று வினவுகிறாள். எரிகிற விளக்கைக்கூட விடவில்லை. இக்காலத்து ஆராய்ச்சியாளரும் தம் வழியில் இதைத் தொட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தார். ஜன்னல்வழியே மரங்களைக் கண்டவர் 23 பேர். செங்கற்சுவரைக் கண்டவர் 23 பேர். மரத்தைக் கண்டவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. சோலைசூழ் மலையையும் புனல்சூழ் அரங்கத்தையும் பாடிப் பாடி வளர்ந்த நமக்கு இது வியப்பாக இராது.

ஆயினும் இடம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு மதுரைச் சீமையிலேயே ஓர் ஐதிஹ்யம் இருக்கிறது. சோழனால் நேர்ந்த ஆபத்தில் எம்பெருமானார் மேல்நாட்டுக்கு எழுந்தருள, அவருடைய காஷாயத்தைத் தாம் உடுத்துச் சோழன் ஸபைக்குப் போன கூரத்தாழ்வான் கண்களை இழந்தார். உடன்சென்ற பெரிய நம்பிகள் வழியிலேயே பரமபதித்தார். ஆழ்வான் திருவரங்கம் திரும்பிக் கோயிலுக்குள் புகப் போனபோது, எம்பெருமானார் ஸம்பந்தம் உள்ளவர்களை உள்ளே விடலாகாது என்று ராஜாஜ்ஞை இருப்பதாகத் தடுத்தார்கள். அருகிலிருந்த மற்றொருவர், ‘இவர் எல்லார்க்கும் நல்லவர்; இவரை விடலாம்’ என்றாராம். ஆழ்வான் பின்வாங்கினார். ஆத்மகுணங்கள் ஆசார்ய ஸம்பந்தத்துக்கு உறுப்பாகவேண்டியிருக்க, இங்கே அதை அறுப்பதற்கு உறுப்பானால் அந்த குணமும் வேண்டா, இந்தப் புகுதலும் வேண்டா என்று சொல்லிக் குடும்பத்தோடு புறப்பட்டுவிட்டார். வந்து சேர்ந்த இடம் திருமாலிருஞ்சோலை.

கண்ணிழந்தவர், வயது சென்றவர், ஆசார்யர் எங்கோ தொலைவில். அந்த நிலையில் அழகர் மலைச் சாரலில் இருந்துகொண்டு அவர் அருளிச்செய்தது ஸுந்தரபாஹு ஸ்தவம், 132 ச்லோகங்கள். மலையின் சோலையும் அருவியும் அங்கு வாழும் ஜீவராசிகளும் அதிலே வருகின்றன. அழகருடைய திருமேனி திருவடி முதல் திருமுடி வரை வருகிறது. புறக்கண் போனபின் அந்த மலை அவருக்கு எப்படியெல்லாம் காட்சி கொடுத்தது! இடத்தின் ஏற்றத்துக்கு இதைவிடச் சான்று தேடவேண்டியதில்லை. ஆனால் ஸ்தோத்ரத்தின் முடிவில் அழகரிடம் ஆழ்வான் விண்ணப்பிப்பது என்ன? முன்போலே எம்பெருமானாரோடு கூடித் திருவரங்கத்தில் வாழவேண்டும் என்பதே. அழகர் ஸந்நிதியில் நின்றுகொண்டே வேறோர் ஊரில் வேறொருவரோடு இருக்கவேண்டும் என்று கேட்கிறார். அழகரும் அதைத் தவறாகக் கொள்ளவில்லை. ‘மலையப்பன் இருக்க மனிதன் எதற்கு’ என்று ஆழ்வானிடம் யாரேனும் சொல்லியிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நாம் எண்ணிப்பார்ப்பதுண்டு. தான் விட்டுவந்த திருவரங்கத்தைப் பற்றியும் அவருக்கு மயக்கம் இல்லை: ஸம்பந்தத்தை மறுத்துவிட்டு அனுபவிக்கும் திவ்யதேசம் திவ்யதேசமாக இராது. சோழன் மாண்டபின் ஆசார்யரும் சிஷ்யரும் மீண்டும் திருவரங்கத்தில் கூடினார்கள் என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். ஆள் நெருக்கத்தையே உறவு என்று மயங்கிவிடக்கூடாது. இதையும் கீழக்குயில்குடியே நமக்குக் காட்டுகிறது. ஆங்கில அரசின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபின், மதுரைப் பகுதியில் பிறமலைக்கள்ளர் மீது அது முதலில் பாய்ந்த ஊர்களில் ஒன்று இந்தக் கீழக்குயில்குடி; ஆண்டு 1914. ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற பேதமின்றிப் பிறப்பாலேயே பதிவு. வெளியூர் போக அனுமதிச் சீட்டு. இரவில் ஆண்கள் வீட்டில் உறங்காமல் காவலர் கண்காணிக்கும் இடத்தில் போய்ப் படுக்கவேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டார்கள். 1947-இல்தான் மாகாணத்தில் சட்டம் நீங்கியது. மலைமேல், தாமாக விரும்பித் தனித்துக் கிடந்தவர்களின் குகைகள். அதன் நிழலில், பல ஆண்டுகள், விருப்பமின்றி ஒருங்கே படுக்கவைக்கப்பட்ட மனிதர்கள். பக்கத்தில் பத்துப்பேர் படுத்திருந்தும், வீட்டையும் மனைவிமக்களையும் பிரித்த அந்த இரவை யாரும் ஸஹவாஸம் என்று சொல்லமாட்டார்கள். அதே குலத்தாரின் கோலத்தைத்தான் சித்திரையில் அழகர் தமக்கு உகந்த திருக்கோலமாகச் சாற்றிக்கொண்டு மதுரைக்கு எழுந்தருளுகிறார். அரசு குற்றவாளி என்று ரேகை பிடித்த ஆண்டுகளிலும் அவர் அந்தக் கோலத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சூழல் என்று நாம் சொல்வதில் மரமும் குளமும் மட்டும் அடங்கா. நம்மைப் பிறர் எந்தப் பெயரிட்டுப் பார்க்கிறார்கள் என்பதும் அடங்கும். பாகவதரை ஜந்மம் பார்த்து அளப்பதை ஸ்ரீவசனபூஷணம் அவ்வளவு கடிந்து பேசுவதை இங்கே நினைக்கவேண்டும். கோஷ்டிக்கு வந்தவரிடம் ‘எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் திருமண்’ என்று விசாரித்துவிட்டுப் பிறகே இடம்கொடுக்கும் கோஷ்டியைவிடச் சில நேரம் வீட்டுத் தனிமையே அவருக்கு க்ஷேமம். நாம் வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

அந்த ஊரின் கதை அத்தோடு முடியவில்லை என்பது ஆறுதல். எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணன் முன்னின்று நடத்தும் ‘பசுமை நடை’ என்ற குழுவினர், ஞாயிறு காலைகளில் மதுரையைச் சுற்றிய மலைகளுக்குக் கூட்டமாக நடந்து போகிறார்கள். கல்வெட்டுகளைத் தொல்லியலறிஞர் சாந்தலிங்கம் போன்றோர் விளக்க, முதியவரும் குழந்தைகளும் பாறையில் உட்கார்ந்து கேட்கிறார்கள்; நடை முடிந்தால் சேர்ந்தமர்ந்து உண்கிறார்கள். 2013-இல் கீழக்குயில்குடி ஆலமரத்தடியிலேயே ‘விருட்சத் திருவிழா’ என்று ஒரு மரத்துக்காக விழா எடுத்தார்கள். அவர்களுக்கும் நம் ஸித்தாந்தத்துக்கும் தொடர்பில்லை. ஆனாலும் நகரத்து அடுக்கு வீடுகளில் பக்கத்துக் கதவின் பெயர் தெரியாமல் இருந்தவர்கள், ஒரு மரநிழலில் ஒருவர் இலைக்கு ஒருவர் பரிமாறும் அளவுக்கு வந்தது சிறிய விஷயமில்லை. மரமில்லாமல் அந்தக் கூட்டம் கூடியிராது. கூட்டமில்லாமல் அந்த மரம் பலர் கண்ணில் பட்டிருக்காது.

2025-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வருந்துவதாகவும், ஆண்டுதோறும் சுமார் 8,71,000 மரணங்கள் தனிமையோடு தொடர்புடையவை என்றும் சொல்கிறது. அந்த ஆறிலொருவர் நம் கோஷ்டியிலும் இருப்பார் என்று கொள்வதே சரி. தூக்கமும் ஆகாரமும் போய், உயிர்மேல் வெறுப்பு வருமளவுக்கு மனநோய் முற்றியவருக்கு வைத்தியரிடம் செல்வதே முறை என்பதையும் சொல்லிவைக்கிறோம். காய்ச்சலுக்கு மருந்துண்பதில் பாரதந்த்ர்யத்துக்குக் குறைவு வராததுபோல இதிலும் வராது. வைத்தியரிடம் கூடப் போவதற்கு ஒருவர் வேண்டும். அங்கே கோஷ்டிக்கு வேலை இருக்கிறது.

எம்பெருமானார் தம் அந்திம காலத்தில் அருளிச்செய்த வார்த்தைகளாகக் குருபரம்பரை சொல்லுமவற்றின் வரிசையை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஸ்ரீபாஷ்யத்தை வாசித்து வாசிப்பிப்பது, இயலாதேல் அருளிச்செயல், இயலாதேல் திவ்யதேச கைங்கர்யம், அதுவும் இயலாதேல் திருநாராயணபுரத்தில் ஒரு குடில் கட்டிக்கொண்டிருப்பது, த்வயத்தின் அர்த்தத்தை அநுஸந்திப்பது, இவை ஒன்றும் இயலாதவனுக்கு, ‘இவன் நம்முடையவன்’ என்று அபிமானிக்கும் ஒரு ஸ்ரீவைஷ்ணவனுடைய அபிமானத்தில் ஒதுங்கியிருப்பது. ஒரு குடில் அளவுக்கு இடத்துக்கும் இதில் பங்கு கிடைத்தது. எதற்கும் திராணி அற்றவனுக்குக் கடைசியாக மிஞ்சுவது ஒரு மனிதனின் அபிமானம். அந்த அபிமானத்தைச் சம்பாதிக்க இவன் செய்யவேண்டியது என்ன என்று அந்த வார்த்தையில் ஒன்றும் இல்லை. அது முழுவதும் அபிமானிக்கிறவன் பக்கத்து வேலை.

இன்று நம்மில் பலருக்குக் கோஷ்டி என்பது கணினித் திரையில் வரிசையாகத் தெரியும் சிறு கட்டங்கள். டாலஸிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஸேவிக்கக் கூடுவது உபகாரந்தான். அதைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. அதில் ஒரு கட்டம் எப்போதும் இருண்டே இருக்கும். பெயர் மட்டும் தெரியும், முகமும் குரலும் வராது. சாற்றுமுறை ஆனதும் எல்லாரும் கைகூப்பி மறைந்துவிடுகிறோம். ஒருநாள் அந்தப் பெயரும் வராது. வராததை முதலில் கவனிக்கிறவர் எவரோ, அவர் அன்றே தொலைபேசியை எடுக்கட்டும். ‘ஏன் வரவில்லை’ என்று கேட்கவேண்டா. அந்தக் கேள்வி கணக்குக் கேட்பதுபோல் இருக்கும். நேற்று ஸேவித்த பாசுரத்தில் ஒரு பதத்துக்கு அர்த்தம் தெரியவில்லை, தேவரீர் ஸாதிக்கவேணும் என்று கேட்கலாம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்